குஞ்சு செட்டின் சாவி

2025 பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு வந்திருந்தவர்கள்: என் தம்பி பச்சமுத்து, அவன் பெண்டாட்டி பழனியம்மாள், சேலத்திலிருந்து குருமூர்த்தி, கேபிள் புதைக்கிற ஆட்கள், பூசாரி சென்றாயன், என் மருமகள் சித்ரா, பேத்தி பிரீத்தி, அடுத்த வீட்டுச் சரிதா, நான். பூசை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டது என் மகன் ரமேஷ்குமார். எல்லார் பேரையும் எழுதிவிட்டேன். பின்னால் யாரும் நான் அன்றைக்கு அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. இந்த ஊரில் அப்படிச் சொல்கிறவர்கள் அதிகம்.

பச்சமுத்துவின் கோழிக்குஞ்சு செட்டு இனிமேல் கம்ப்யூட்டர் பயிற்சி மையம். எருமப்பட்டியிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி ஒரு கேபிளை மண்ணுக்கடியில் இழுத்து வருகிறார்கள். அதற்கும், கம்ப்யூட்டர்களுக்கும், பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கவும் அரசாங்கம் மானியம் தருகிறதாம். பாதி இப்போது. மீதி, ஆட்கள் பரீட்சை எழுதி, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு. மார்ச் முடிவதற்குள் நடக்கவில்லை என்றால் மானியம் வந்த வழியே போய்விடும் என்று குருமூர்த்தி சொன்னார். மானியத்தை எழுதிக்கேட்டு வாங்கியவரும் மையத்தை நடத்தப்போகிறவரும் அவர்தான். புதிதாகக் கட்ட நேரமில்லை. சீக்கு வந்து குஞ்செல்லாம் செத்ததிலிருந்து அந்த செட்டு காலியாகத்தான் கிடந்தது.

சுற்றிலும் இருந்த கம்பிவலைக்கு மேல் பலகை அடித்துவிட்டார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மோகோல் கூரை, ஏசி. வழி ஒன்றே ஒன்று, முன்னால் இரும்பு ஷட்டர். வேறு வாசல் இல்லையா என்று கேட்டேன். குருமூர்த்தி சிரித்தார். “கம்ப்யூட்டர் களவு போயிடும் பாட்டி” என்றார். எனக்குப் பேர் இருக்கிறது. முத்தாயம்மாள்.

பச்சமுத்து “வாக்கா” என்றான். நான் பேசவில்லை. என் வீட்டுக்காரர் அவன் செட்டுகளில் மருந்தடித்தே இருமிச் செத்தவர். அவரை எடுப்பதற்கு முன்னாலேயே, “முட்டை லோடு நிக்குதுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனவன் இவன். அன்றையிலிருந்து அவன் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. இன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். இலையை மடித்துவிட்டேன்.

போனதே பிரீத்திக்காகத்தான். காலேஜ் முடித்த பிள்ளை. முதல் கூட்டத்தோடு உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேறிவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அவள்தான் டீச்சர். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கிறேன் என்று ரமேஷ் ஒத்துக்கொண்டிருக்கிறான். கிடைக்காவிட்டால் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ஒரு ரிக் வண்டிக்காரன் மகன் காத்திருக்கிறான். பிள்ளைக்கு அவனைப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஆனால் அந்த இடம். சின்னதிலே அந்த செட்டுப் பக்கம் போனாலே அவளுக்கு இழுக்கும். கோழித்தூசி ஆகாது. நெஞ்சு விசிலடிக்கும். நான்தான் மடியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவியும் அந்த வாசம் போகவில்லை. பிரீத்தியின் சுடிதாரில் வருகிறது. கோழி வாசம் இல்லை. கோழி செத்த வாசம்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைக்கு என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

உள்ளே போகும்போது ஒவ்வொரு பெண்ணும் ஒரு மிஷினுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். ரெண்டும் பதிந்தால்தான் வந்த கணக்கு. முகத்தைக் காட்டிவிட்டு நடுவிலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் பால் கறக்கவும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள் நம் பெண்கள். சரிதாவும்தான். அதைச் சென்னையில் யாரோ கேமராவில் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். குருமூர்த்திக்குக் கோபம். இப்போது வகுப்பு தொடங்கியதும் ஷட்டரை இழுத்து வெளியே பூட்டுப் போடுகிறார்கள். முடிகிற நேரத்தில் திறக்கிறார்கள். பூட்டுவது ரமேஷ். சாவி அவன் சட்டைப்பையில்.

“உள்ளே உன்ற புள்ளையும் இருக்கறாடா” என்றேன்.

“மில்லுலயும் இப்படித்தானேம்மா பூட்டறாங்க. சின்னம்மா எத்தனை வருசம் மில்லுக்குப் போச்சு” என்றான்.

போனாள். அவள் இருந்த மில்லில் பஞ்சில் தீப் பிடித்துக்கொண்ட நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூட்டை உடைத்துத்தான் பெண்களை வெளியே எடுத்தார்கள். என் தங்கை தப்பித்தாள், கை தப்பவில்லை. இதை அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கோழிக்காவது பக்கத்தில் வலை இருந்தது.

பிப்ரவரி 22, சனி

பிரீத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்றைக்குக் குருமூர்த்தி அவளையே எழுந்து நின்று பாடம் எடுக்கச் சொன்னாராம். மற்றப் பெண்கள் எல்லாம் இவள் சொன்னால்தான் புரிகிறது என்றார்களாம். புரியாமல் என்ன. இவளுக்கு என் குரல். எங்கள் வீட்டில் பேசினால் கரட்டு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். சித்ரா அதையே குறையாகச் சொல்வாள், பொம்பளைப் பிள்ளைக்கு இத்தனை தொண்டை ஆகாது என்று.

பேப்பர் படித்துக் காட்டச் சொன்னேன். சோம்பேறித்தனப்பட்டுக்கொண்டு போனைக் கொடுத்தாள். அது தானே படிக்கிறது. உள்ளே ஒரு பொம்பளை குரல். செத்த செய்தியையும் பொறந்த செய்தியையும் ஒரே மாதிரி படிக்கிறாள். எனக்கு ஆகவில்லை, அணைத்துவிடு என்றேன்.

“அவ உன்ற கூட சண்டைக்கு வரமாட்டா அப்பத்தா. அதான் உனக்குப் புடிக்கலை” என்றாள்.

அப்புறம் அவளே படித்தாள். முட்டை விலையிலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

செட்டில் கருவண்டு கிளம்பிவிட்டது. தரைக்கடியில் இருந்தது எல்லாம் ஏசி குளிருக்கோ என்னவோ மேலே ஏறித் தெர்மோகோலைத் துளைத்துக்கொண்டு பெண்கள் தலையில் விழுகிறதாம். எழுத்துத் தட்டுகிற பலகைக்குள் புகுந்துகொண்டு பொத்தான் வேலை செய்யவில்லையாம். ஈ வேறு. அதிகாரிகள் வருகிற நேரத்தில் இப்படி என்று குருமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். பச்சமுத்து, “ஏனுங்க இதுக்குப் போயி. புகை போட்டுட்டா ஒண்ணும் இருக்காதுங்க” என்று சொன்னானாம். ரமேஷ் வந்து சாதாரணமாகச் சொல்கிறான்.

புகை போடுவது என்றால் இந்தப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. புதுக்குஞ்சு இறக்குவதற்கு முன்னால் செட்டைக் கழுவி, சுண்ணாம்படித்து, படுதாவைச் சுற்றிலும் இறக்கிக் கட்டி, சட்டி சட்டியாக அந்த ஊதா உப்பை வைத்து, மேலே பார்மலினை ஊற்றிவிட்டு வெளியே ஓடிவந்துவிட வேண்டும். அடுப்பில்லாமல் அது தானே பொங்கும். ஒரு பூச்சி மிஞ்சாது. பிறகு படுதாவைச் சுருட்டிவிட்டு நாலா பக்கமும் காற்று போகவிட வேண்டும். உள்ளே போய் நின்றால் கண் எரியாதவரைக்கும் காற்று போக வேண்டும். அப்புறம்தான் குஞ்சு. என் வீட்டுக்காரர் செய்த வேலை. ரமேஷும் செய்திருக்கிறான். பச்சமுத்து செய்திருக்கிறான். இங்கே தெரியாதவர் யார்?

“நாலு நாள் லீவு விட்டுட்டுத்தான் போடறோம்மா. நீ எல்லாத்துக்கும் பயப்படாதே” என்றான்.

நான் பயப்படுகிறவள் இல்லை. மறக்காதவள். ரெண்டும் வேறே.

மார்ச் 9, ஞாயிறு

பொழுது இறங்குகிற நேரத்தில் புகை போட்டார்கள். பச்சமுத்துவும் ரமேஷும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஷட்டரை இழுத்தார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் பாலிதீன் மூடியிருக்கிறதாம். மிஷினுக்கு மூடினார்கள்.

நான் வாய்க்கால் ஓரமாகவே நின்றேன். ஷட்டருக்குக் கீழே கொஞ்சம் கசிந்தது. அவ்வளவு தூரத்திலும் கண்ணில் தண்ணீர்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. படுதாவைச் சுருட்டிவிட்டால் காற்று புகையை வாங்கிக்கொண்டு போகும். இந்த செட்டில் சுருட்டுவதற்கு என்ன இருக்கிறது? வலையைத்தான் பலகையால் அடைத்துவிட்டார்களே. பச்சமுத்து கைப்பழக்கத்தில் பழைய செட்டுக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிட்டான். அது எந்த வழியாகப் போகும்?

ரமேஷிடம் கேட்டேன். “ஏசி இருக்குதும்மா” என்றான். ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடும் என்று பிரீத்திதான் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்கும் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் குருமூர்த்திக்குப் போன். அதிகாரிகள் நாளைக்கே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை என்று சொன்னது நாளைக்கு. நாளைக்கே பரீட்சையும் வைத்து அவர்கள் கண்முன்னால் முடித்துவிட வேண்டுமாம்.

ரமேஷ் போய் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். கண் சிவந்திருக்கிறது. தூக்கம் கெட்டது என்கிறான்.

பிரீத்தி, நாளைக்குப் போகாதே என்றேன். சோறு போடுகிறபோது சொன்னேன். படுக்கிறபோது சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

வழியை மறித்து நின்றேன். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தைப் பையில் வைத்துக் காட்டினாள். “இன்னிக்கு மொகம் காட்டலைன்னா என் பேரே போயிரும் அப்பத்தா. மத்தியானம் வந்து உன்ற கூட நல்லா சண்டை போடறேன், வழி விடு சாமி” என்றாள்.

விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை படுத்திருக்கிறாள். தொண்டைக்குள் குழாய். மிஷின் மூச்சு விடுகிறது. நேற்று மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள், வீசிங்தான், ரெண்டு நாளில் கூட்டிப் போகலாம் என்று எனக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் கழுத்து வீங்கிவிட்டது. குரல் அடைத்துவிட்டது. பிறகுதான் குழாய்.

சரிதா வந்தாள். அவளுக்கும் கண் இன்னும் வீக்கம். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

உள்ளே போனதுமே எல்லாருக்கும் கண் எரிந்திருக்கிறது. மருந்து வாசம், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று குருமூர்த்தி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். ஷட்டர் பூட்டியாயிற்று. அதிகாரிகள் உள்ளேயே வரவில்லை. வாசல்பக்கம் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமியானா பந்தலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தலில் ஒரு டிவி வைத்து உள்ளே நடக்கிற பரீட்சையைக் கேமராவில் காட்டியிருக்கிறார்கள். பெண்கள் எல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார்கள். ஒரு அதிகாரி, “ரொம்ப உணர்ச்சிவசப்பட்டு எழுதறாங்க” என்றாராம். போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

உள்ளே ஷட்டரைத் தட்டியிருக்கிறார்கள். பந்தலில் மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“எங்களுக்கெல்லாம் வாயே வரலைங்க. பிரீத்திதான் கத்துனா. எல்லாத்துக்கும் சேத்து அவதான் கத்துனா. பச்சமுத்து தாத்தா, அப்பா, அப்படின்னு பேர் சொல்லிச் சொல்லிக் கத்துனா. கடைசியில சத்தம் இல்லாம வாயை மட்டும் தொறந்தா.”

சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். ரமேஷ் அண்ணன் டீ வாங்க எருமப்பட்டி போயிட்டாருன்னு சொன்னாங்க என்றாள்.

மற்றப் பெண்களை வேனில் ஏற்றி வீட்டில் விட்டிருக்கிறார்கள். வெளியே பேசினால் மானியம் நிற்கும், மானியம் நின்றால் சர்டிபிகேட் வராது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் ரெண்டு நாளாக ஒருத்தியும் என் வீட்டுப்பக்கம் வரவில்லை.

பிறகு சரிதா இன்னொன்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குக் காரில் கூட வந்தவள் அவள்தான். பெரிய டாக்டர், “இந்தப் பொண்ணு எதையாவது சுவாசிச்சுச்சா? கேஸ், மருந்து, புகை எதாச்சும்?” என்று கேட்டாராம்.

ரமேஷ் சொன்னானாம்: “ஒண்ணுமில்லைங்க. சின்ன வயசுல இருந்தே வீசிங்குங்க.”

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் வரும்வரைக்கும் வாசலிலேயே நின்றேன். நர்ஸ் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

வந்ததும் சொன்னேன். புகைங்க சாமி, பார்மலின் புகை, குஞ்சு செட்டுக்குப் போடறது, பூட்டின ரூமுக்குள்ள பரீட்சை முடியற வரைக்கும் இருந்தாளுங்க. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். எனக்குப் பின்னால் நின்ற ரமேஷைப் பார்த்தார்.

“இது தெரிஞ்சிருந்தா மொதல் நாளே தொண்டையைப் பாத்திருப்போம். வீங்கறதுக்கு முன்னாடியே” என்றார். உள்ளே வேகமாகப் போனார்.

ரமேஷிடம் நான் கேட்டது ஒன்றுதான். ஏன்டா சொல்லலை.

“சொன்னா மையத்தை மூடிருவாங்கம்மா. மூடிட்டா அவளுக்கு வேலை ஏது? அவளுக்காகத்தான்.”

அவளுக்காகவாம்.

அவளுக்காகவா?

இவனுக்கு நான்தான் பேச்சுச் சொல்லிக் கொடுத்தேன். முதல் வார்த்தை வர ரொம்ப நாளாயிற்று. ஊமையாய்ப் போய்விடுவானோ என்று முருகன் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டினேன்.

மார்ச் 27, வியாழன்

கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியாயிற்று. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். குரலைப் பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். சித்ரா என்னோடு பேசுகிறாள். அவனோடு பேசுவதில்லை.

பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் உள்ளே போனதும் வாயைத் திறந்தாள். காற்று கழுத்து வழியாகப் போனது.

ஏப்ரல் 16, புதன்

பச்சமுத்து வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசப்படியிலேயே நின்றான். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், புகை போட்டது நான்தான், அளவு தெரியாமல் போட்டதும் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். பழனியம்மாள் அடித்துக்கொண்டு அழுதாளாம். வலையை மறைத்துப் பலகை அடித்தது ஞாபகமே வரவில்லைக்கா, கை தானாகப் போட்டுவிட்டது என்றான். நம்புகிறேன். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

பிறகு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். இன்னும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லு என்றேன்.

“டீ வாங்கப் போனது நானுக்கா. ரமேஷ் போகலை.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே சொன்னான்.

“திரும்பி வாரப்ப தட்டற சத்தம் கேட்டுது. பாட்டையும் மீறிக் கேட்டுது. சாவியைக் குடுடா, தொறக்கறேன்னேன். பையைக் கையால மூடிக்கிட்டான். ‘ஆபீசர் கெளம்பட்டும் மாமா, இப்பத் தொறந்தா எல்லாம் வெளியே ஓடியாந்துரும்’ன்னான். நான் புடுங்கியிருக்கோணும். புடுங்கலைக்கா.”

வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் காலைப் பார்த்தேன். கொப்புளம் வெடித்துத் தண்ணீர் வடிகிறது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறான்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் கீழே வைத்தான். மிச்சத்தை நான் குடித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 18, ஞாயிறு

பிரீத்தி வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருக்கிறது. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கறே கண்ணு என்று சத்தமாகச் சொல்கிறார்கள். இவளுக்குக் காது கேட்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

போனை எடுத்து எழுதினாள். அந்தப் பொம்பளை குரல் பேசியது. “அப்பத்தா. சாப்பிட்டீர்களா.”

நான் சாப்பிட்டேன் என்றேன். பிறகு சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

சண்டை போடுகிறேன் என்றாளே. மத்தியானம் வந்து போடுகிறேன் என்றாள்.

ஜூன் 9, திங்கள்

செட்டுக்கு முன்னால் புது போர்டு. மீதி மானியமும் வந்துவிட்டதாம். அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக அடித்து மாட்டியிருக்கிறார்கள். முந்தானையால் கண்ணைத் துடைக்கிற பெண்கள். சரிதா இருக்கிறாள். ஓரத்தில் வாயைத் திறந்தபடி பிரீத்தி. பார்ப்பவர்களுக்கு அவள் பாடம் சொல்கிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது கூட்டம் உள்ளே இருக்கிறது. ஷட்டர் இறங்கியிருந்தது. போய்க் கையால் தொட்டுப் பார்த்தேன். பூட்டு.

குருமூர்த்தியைப் போய்க் கேட்டேன். இனிமேல் பூட்டுவதில்லை என்றுதான் ஆர்டர் பாட்டி, நான் சொல்லி வைக்கிறேன் என்றார். அங்கேயே நின்றேன். ரமேஷ் வந்து திறக்கும்வரைக்கும் நின்றேன். உள்ளேயிருந்து பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள். ஒருத்தி தலையில் வண்டு உட்கார்ந்திருந்தது.

ஜூலை 3, வியாழன்

நாளைக்கு விசாரணை. கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வருகிறார்களாம், பிரீத்தியை வீட்டிலேயே வைத்துக் கேட்பார்களாம்.

காலையில் ரமேஷ் வந்தான். இப்போது அவன் மையத்துக்கு மேற்பார்வையாளர். கையில் ஸ்வீட் பாக்கெட். பிள்ளை எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவளுக்கு வேலை பேசி வைத்திருக்கிறானாம். “பேச வேண்டியதே இல்லை கண்ணு. டைப் அடிச்சாப் போதும். ஏசியிலேயே உட்காந்துக்கலாம்.”

பிறகு மெதுவாக, நாளைக்கு அந்த அம்மா கேட்டால் சின்னதிலிருந்தே வீசிங் உண்டு என்று மட்டும் சொன்னால் போதும் என்றான். பொய் இல்லையே என்றான். என்னைத் திரும்பிப் பார்த்து, “நீதானேம்மா மடியில போட்டு வளத்தே. உனக்குத் தெரியாதா” என்றான்.

நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன்.

பிரீத்தி போனை எடுத்தாள். ரொம்ப நேரம் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஒத்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பான். போனைத் தரையில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

அந்தப் பொம்பளை, செய்தி படிக்கிற மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல் கேட்டாள்:

“அப்பா. நான் தட்டியது உங்களுக்குக் கேட்டதா.”

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. பிள்ளை கை நீட்டி மறுபடியும் ஒரு தரம் அமுக்கினாள். அதே குரல், அதே கேள்வி. அவன் எழுந்து போய்விட்டான். ஸ்வீட் பாக்கெட் அங்கேயே கிடக்கிறது. எறும்பு வந்துவிட்டது.

நாளைக்கு அந்த அம்மா வரும்போது சொல்ல வேண்டியதை நான் மனதில் வரிசையாக வைத்திருக்கிறேன். யார் வந்தார்கள், யார் பூட்டினார்கள், டாக்டர் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது. எனக்கு எதுவும் மறக்காது. பெற்றவள் சொல்லலாமா என்று சித்ராவின் அம்மா கேட்டாள். பெற்றவள்தான் சொல்ல வேண்டும்.

பச்சமுத்துவை விட்டுவிட்டேன். லோடு ஏற்றப் போனதையும் சேர்த்தே விட்டுவிட்டேன். குருமூர்த்தி யாரோ, எங்கிருந்தோ வந்தவர், போய்விடுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளே யார் என்றே தெரியாது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

சாவி வைத்திருந்தவன், என் வயிற்றில் பிறந்தவன், ரமேஷ்குமார்.